சிறுநீரக மாற்றுக்குப் பின் பாராதைராய்டு: மாத்திரையா, கத்தியா?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு அண்ணனுக்குப் புதுச் சிறுநீரகம் நன்றாக ஓடுகிறது. ஆனால் ஒன்றரை வருடமாகியும் ரத்தத்தில் ஏறிய கால்சியம் இறங்கவில்லை. கால்சியத்தை ஏற்றும் பாராதைராய்டு என்ற கழுத்துச் சுரப்பிகள், டயாலிசிஸ் காலத்தில் அதிகமாகச் சுரந்த பழக்கத்தை விடவில்லை.

செலவு: அந்தச் சுரப்பை அடக்கும் சினகால்செட் மாத்திரை மாதாமாதம், சுரப்பிகளை எடுக்கும் ஆபரேஷன் ஒரே தடவை.

பலன்: 2016இல் வெளியான ஸ்பெயின் ஆய்வில், ஓராண்டில் கால்சியம் சீரானது அறுவையில் 15க்கு 15 பேருக்கு, மாத்திரையில் 15க்கு 10 பேருக்கு. சின்ன ஆய்வுதான், ஆனாலும் எனக்கு அதுவே போதும்.

தொல்லை: மாத்திரை குமட்டும், நிறுத்தினால் மறுபடி ஏறும். அறுவை முடிந்ததும் கால்சியம் சட்டென்று விழும். உதடும் விரல்நுனியும் மரக்கும், கால்சியம் மாத்திரை கையிலேயே இருக்க வேண்டும். சிறுநீரகம் எப்படி ஓடுகிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினினும் கொஞ்சம் ஏறலாம்.

முதல் வருடத்தில் இருப்பவருக்கும் மயக்க மருந்து தாங்காதவருக்கும் மாத்திரை. வருடம் தாண்டியும் இறங்காமல், எலும்பும் தேய்ந்தால் கத்தி. அண்ணன், மழை விட்டதும் தேதி கேட்கப் போகிறார்.