ஸாலிப்யே போயிட்டு வந்தோம்: பூப்போட்ட வீடுங்களும் சுத்தி இருக்குற ஊருங்களும்

போலந்துல கிராகோவ் வரைக்கும் வர்றவங்க நெறைய பேரு, வீட்டுச் சுவத்துல பூ வரையுறதுக்குப் பேர் போன ஸாலிப்யே கிராமத்துக்குப் போலாமா வேணாமான்னு கேக்குறாங்க. நெட்ல ரிவ்யூ பாத்தா பாதி பேரு அஞ்சு ஸ்டார் போட்டு உருகியிருக்காங்க, மீதி பேரு ரெண்டு ஸ்டார் போட்டு "நாலு வீடு தான் இருக்கு, ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடுச்சு"ன்னு எழுதியிருக்காங்க. நாங்க அம்மா ஊர்லேர்ந்து வந்திருந்தப்ப ஜூன் மாசத்துல ஒரு முழு நாள் அங்கயே சுத்துனோம், நானும் மனைவியும் அம்மாவும். எங்களுக்கு அது அஞ்சு ஸ்டார் தான், ஆனா அந்த ரெண்டு ஸ்டார் போட்டவங்க ஏன் அப்படிப் போட்டாங்கன்னும் அங்க போன பொறவு புரிஞ்சுது, அதனால தான் இத எழுதுறேன்.

மொதல்ல வழி. ஸாலிப்யே ஒரு கிராமம், அது ஓலெஸ்னோங்கற க்மினாவுக்குள்ள வருது. க்மினான்னா நம்ம ஊராட்சி ஒன்றியம் மாதிரின்னு வெச்சுக்கலாம், ஆனா இன்னும் சின்னது. இது முழுக்க கிராமப்புற க்மினா, டவுன்னு சொல்ல ஒண்ணு கூட இல்ல, மொத்தமே எட்டாயிரம் பேருக்குள்ள தான் ஜனம். தலைவருக்கு வூயித்னு பேரு, ஜனங்க ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுக்குறாங்க, அதுக்குக் கீழ ஊருக்கு ஒரு சொவ்திஸ், அதாவது ஊர்த் தலைவர். இதெல்லாம் எதுக்கு சொல்றேன்னா ஜிபிஎஸ்ல வெறும் ஓலெஸ்னோன்னு போட்டுட்டு கெளம்பிடாதீங்க, அதே பேர்ல ஓப்போலே மாகாணத்துல ஒரு டவுன் இருக்கு, அது இங்கேர்ந்து சுமார் 200 கிலோமீட்டர் மேற்கால இருக்கு. ஸாலிப்யேன்னு போட்டு பக்கத்துல டொம்ப்ரோவா தார்னோவ்ஸ்காங்கற டவுன் வருதான்னு பாத்துக்கோங்க, வந்தா சரியான எடம்.

கிராகோவ்லேர்ந்து ரயில்ல தார்னூவ் வந்துட்டா அங்கேர்ந்து வடக்கால சுமார் 30 கிலோமீட்டர் தான். கார் இருந்தா நல்லது, சொல்லப்போனா கார் கட்டாயம்னே சொல்லுவேன். நாங்க போறப்ப மினிபஸ்ஸ நம்பிப் போனோம். ஒரு தனியார் வண்டி, ஸ்டாப்ல ஒட்டியிருந்த நேரத்துக்கு வரவேயில்ல, அம்மாவ வெயில்ல ஒன்றரை மணி நேரம் நிக்க வெச்சிட்டோம். எனக்கு அது இன்னும் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. கடைசில டாக்ஸி தான் புடிச்சோம். வயசானவங்கள கூட்டிட்டுப் போறவங்க திரும்பி வர்ற வண்டியயும் முன்னாடியே பேசி வெச்சிடுங்க.

இப்ப அந்த ரெண்டு ஸ்டார் விஷயம். ஃபோட்டோவுல பாத்தா ஒரு தெரு முழுக்க வரிசையா பூப்போட்ட வீடா இருக்கும்னு தோணும். அப்படி இல்ல. இந்த ஊருல வீடுங்க ஒட்டி ஒட்டி இல்ல, அவங்கவங்க வயலுக்குப் பக்கத்துல அவங்கவங்க வீடு, நடுவுல கோதுமை, புல்லு, மரம், ஒரு வீட்டுக்கும் அடுத்த பூ வீட்டுக்கும் நடுவுல நடந்தா கால் மணி நேரம் கூட ஆவும், இடையில வர்றதெல்லாம் சாதாரண செங்கல் வீடு. வரையணும்னு சட்டம் ஒண்ணும் இல்லையே, எந்த வீட்டுப் பொம்பளைக்கு ஆசையும் கைப்பழக்கமும் இருக்கோ அந்த வீட்டுல பூ இருக்கும், அவ்வளவு தான். பஸ்ஸ விட்டு எறங்கி ரெண்டு செல்ஃபி எடுத்துட்டு கெளம்புறவங்களுக்கு ஏமாத்தமா தான் இருக்கும். நடக்கலாம், சைக்கிள் கெடச்சா இன்னும் நல்லது, எடம் பூரா சமதரை, மேடே கெடையாது.

இந்தப் பூ எப்படி வந்துச்சுங்கற கதை எனக்கு ரொம்பப் புடிச்சுது. அந்தக் காலத்துல இங்க குடிசைல புகைபோக்கி கெடையாது, அடுப்புப் புகை வீட்டுக்குள்ளயே சுத்தி சுவரு கூரை எல்லாம் கரி ஏறிக் கெடக்கும். பண்டிகை வந்தா அந்தக் கருப்பு சுவத்துல சுண்ணாம்பத் தொட்டு வட்ட வட்டமா பொட்டு பொட்டா வெச்சிருக்காங்க, அதுக்கு பாட்ஸ்கின்னு பேரு. 19ஆம் நூற்றாண்டு முடியறப்ப புகைபோக்கி வெச்ச அடுப்பு வந்துச்சு, சுவரு வெள்ளையடிச்சா வெள்ளையாவே நிக்க ஆரம்பிச்சுது, அதுக்கப்புறம் தான் பொட்டு பூவாச்சு, பூ பூங்கொத்தாச்சு, உள்ளேர்ந்து வெளிய வந்துச்சு, கெணறு, கோழிக்கூடு, நாய்க்கூடு வரைக்கும் போயிடுச்சு. அப்ப கடைல பெயின்ட் வாங்கவா முடியும், கரி, களிமண், மாவு உருண்டை வேகவெச்ச தண்ணி, இதத்தான் கலந்து வரைஞ்சாங்கன்னும் பிரஷ்ஷுக்கு மாட்டு வால் முடியக் கட்டிக்கிட்டாங்கன்னும் சொல்றாங்க. அடுப்பங்கரைல கெடச்சத வெச்சே ஒரு கலைய உண்டாக்கியிருக்காங்க. 1900கள் ஆரம்பத்துல வ்வாடிஸ்வாவ் ஹிக்கெல்ங்கறவரு இதப் பாத்து எழுதின பொறவு தான் வெளியில தெரிஞ்சுது.

கட்டாயம் பாக்க வேண்டியது பூ வரையுறதுல பேர் வாங்குன ஃபெலிட்ஸியா சுரிவோவாவோட வீடு. 1904ல பொறந்து 1974ல காலமானாங்க, இந்த ஊரு பேரு வெளிய தெரிய அவங்க தான் முக்கிய காரணம். எம்.எஸ். பாத்தோரிங்கற பெரிய பயணிகள் கப்பல்ல கூட இவங்க கைவண்ணம் இருந்துச்சு. இப்ப அவங்க வீடு தார்னூவ் மியூசியத்தோட கெளையா இருக்கு, டிக்கெட் உண்டு, பெரிய தொகை இல்ல. உள்ள நுழைஞ்ச ஒடனே சமையல்கட்டு. அடுப்பு மேல பூ, சுவத்துல பூ, உத்தரத்துல பூ, சாமி படத்தச் சுத்தி பூ, துணில எம்ப்ராய்டரி பூ, ஜன்னல்ல காயிதப் பூ, மேலேர்ந்து வைக்கோலும் கலர் காயிதமும் கோத்து ஒரு தோரணம் தொங்குது, அதுக்கு பயோங்க்னு பேரு, அப்படின்னா செலந்தின்னு அர்த்தம், காத்து அடிச்சா மெதுவா சுத்துது. நான் ஃபோட்டோ எடுக்குறதயே மறந்துட்டு நின்னுட்டேன். அம்மா கிட்டப் போயி ஒரு பூவயே ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தாங்க, அப்புறம் "கண்ணு, இது அச்சு வெச்சுப் போட்டது இல்லடா, ஒவ்வொரு இதழும் ஒரே இழுப்புல இழுத்திருக்காங்க, பாரு ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல"ன்னாங்க. அதுக்கப்புறம் தான் நானும் அப்படிப் பாக்க ஆரம்பிச்சேன். பிரஷ்ஷ அழுத்தி வெச்சு எடுக்குற எடத்துல இதழோட நுனி எப்படி மெலியுதுன்னு தெரியுது.

அதே வளாகத்துல ஒரு பழைய குடிசை இருக்கு, அதுல அந்தக் காலத்து பாட்ஸ்கி பொட்டு எப்படி இருக்கும்னு பாக்கலாம். பெருசா எதுவும் இல்லன்னு அத யாரும் எட்டிக் கூட பாக்காம போறாங்க. தயவுசெஞ்சு அத மொதல்ல பாருங்க, அப்புறம் சுரிவோவா வீட்டுக்குள்ள போங்க, எங்கேர்ந்து எங்க வந்திருக்காங்கன்னு அப்ப தான் உறைக்கும்.

அடுத்தது டோம் மலாரெக். வரையுற பொம்பளைங்களோட வீடுன்னு அர்த்தம், 1970கள் கடைசில கட்டுனது, ஊருக்குப் பொதுவான கலை மையம். கட்டடத்துல உள்ளயும் வெளியயும் பூ, உள்ள ஊர்க்காரங்க கைல செஞ்ச சாமான் விக்குது. நாங்க ஒரு மரக்கரண்டியும் ஒரு சின்னத் தட்டும் ரெண்டு மர முட்டையும் வாங்குனோம். தரம் பத்தி சொல்லணும்னா, கரண்டிய சமையலுக்குப் போடாதீங்க, அது சுவத்துல மாட்டத் தான். தட்டுல பெயின்ட் திக்கா ஏறி நிக்குது, விரல வெச்சா மேடு தெரியுது, மேல வார்னிஷ் அடிச்சிருக்காங்க. கிராகோவ் பெரிய சந்தைக்கூடத்துல இதே மாதிரி பூப்போட்ட சாமான் கெடைக்கும், அதுல பல சாமான் பிரிண்ட் போட்டது, பக்கத்துல வெச்சுப் பாத்தா வித்தியாசம் ஒடனே தெரியும். இங்க வாங்குற காசு அந்த ஊருக்குள்ளயே போவுது, எனக்கு அது முக்கியம். கைல ரொக்கமா ஸ்லோட்டி (போலந்துப் பணம்) வெச்சுக்கோங்க, கார்டையே நம்பிப் போவாதீங்க. குழந்தைங்கள கூட்டிட்டு வர்றவங்க குரூப்பா முன்னாடியே சொல்லி வெச்சா வரையச் சொல்லித் தர்ற வகுப்பும் நடக்கும், எங்களுக்கு அன்னிக்கு அது அமையல.

ஒரு விஷயம் அழுத்தி சொல்லணும். மியூசியமும் டோம் மலாரெக்கும் தவிர பூப்போட்ட வீடுங்க எல்லாமே ஜனங்க குடியிருக்குற வீடு. வேலி தெறந்திருக்குன்னு உள்ள போயிடக் கூடாது. நாங்க ஒரு வீட்டு வாசல்ல நின்னு கெணத்த ஃபோட்டோ எடுக்கலாமான்னு கைஜாடைல கேட்டோம், உள்ளேர்ந்து வயசான ஒரு அம்மா வந்தாங்க. பொம்பளைங்களப் பேசறப்ப முன்னாடி "பானி" போட்டுத் தான் பேசணும், அது இங்க மரியாதை. எனக்குத் தெரிஞ்ச போலிஷ்ல "ஜென் டோப்ரி பானி"ன்னேன், சிரிச்சுட்டாங்க, வேலிக் கேட்டைத் தெறந்து விட்டாங்க. அம்மா என் கிட்ட "மழைக்குக் கலர் கரையாதான்னு கேளுடா"ன்னாங்க, கேட்டேன். வெளிச்சுவத்துப் பூ வெயிலுக்கும் மழைக்கும் மங்கிடும், சில வருஷத்துக்கு ஒருக்கா திரும்ப வரையணும், போன முறை பேத்தி தான் ஏணில ஏறி வரைஞ்சான்னு சொன்னாங்க. ஜன்னலுக்கு மேல இருந்த ஒரு பாப்பி பூவ மட்டும் காட்டி அது நான் வரைஞ்சதுன்னு நெஞ்சத் தொட்டுக் காமிச்சாங்க. அம்மாவுக்கும் அவங்களுக்கும் ஒரு பொது வார்த்தை கெடையாது, ஆனா ரெண்டு பேரும் அந்த சுவத்து முன்னாடி கையப் புடிச்சுட்டு கொஞ்ச நேரம் நின்னாங்க. அந்த ஒரு காட்சிக்கே நான் இன்னும் பத்து தடவ அந்த மினிபஸ்ஸுக்காக வெயில்ல நிப்பேன்.

சர்ச் இருக்கு, புனித சூசையப்பர் சர்ச், உள்ள ஊர் பூ வேலைப்பாடு, பாதிரியார் போடுற அங்கில கூட பூ. ஃபயர் ஸ்டேஷன், ஸ்கூல், சின்னப் பாலம் எல்லாத்துலயும் பூ தான், போற வழில கண்ணுல படும்.

சாப்பாட்டுக்கு ஊருக்குள்ள பெருசா எதையும் எதிர்பாக்காதீங்க. நாங்க தயிர்சாதம் கட்டிக்கிட்டுப் போனது நல்லதாப் போச்சு, லிண்டன் மரத்தடில ஒக்காந்து சாப்டோம். ஹோட்டல்ல தான் சாப்பிடணும்னா டொம்ப்ரோவா தார்னோவ்ஸ்கா போயிடுங்க. அங்க போனா அப்படியே பழைய யூத சினகாக்கையும் (ஜெப ஆலயம்) பாத்துடுங்க. ரொம்பப் பெரிய கட்டடம், போருக்கப்புறம் பல வருஷம் பாழடைஞ்சு கெடந்தத சரிபண்ணி 2012ல திரும்பத் தெறந்தாங்க. இந்த டவுன்ல யூதர்கள் எவ்வளவு பேரு வாழ்ந்திருக்காங்க, நாஜி காலத்துல எப்படி இல்லாமப் போனாங்கங்கறத பூவெல்லாம் பாத்துட்டு வந்த அதே நாள்ல பாக்குறப்ப மனசு ரொம்ப கனத்துப் போச்சு, ஆனா பாக்காம வந்திருந்தா இந்தப் பகுதிய பாதி தான் பாத்ததா ஆயிருக்கும்.

க்மினாவோட மத்த ஊருங்க ஓலெஸ்னோ, ப்ரென், ச்விகூவ், போட்போஜே இதெல்லாம் டூரிஸ்ட் எடம் இல்ல, அமைதியான வெவசாய ஊருங்க. இந்தப் பூ ஸாலிப்யேவோட எல்லைல நின்னுடல, அக்கம்பக்கத்து ஊருங்கள்லயும் அங்கங்க பூப்போட்ட வீடு தட்டுப்படும், டாக்ஸில திரும்பி வர்றப்ப நாங்களே ரெண்டு பாத்தோம், போர்டு கூட கெடையாது.

எப்ப போவணும்னா, கார்ப்பஸ் கிறிஸ்டிங்கற கத்தோலிக்கப் பண்டிகைய வெச்சு கணக்குப் போடுங்க. பண்டிகைக்கு முன்னாடி வீட்ட வெள்ளையடிச்சு பூவப் புதுப்பிக்கிறது இங்க பழைய வழக்கம். அத ஒட்டியே மலோவானா ஹாத்தான்னு ஒரு போட்டி, பூப்போட்ட குடிசைன்னு அர்த்தம், 1948ல, போரு முடிஞ்சு மூணே வருஷத்துல ஆரம்பிச்சது, இன்னும் நடக்குது. பண்டிகைக்கு அடுத்து வர்ற சனி ஞாயிறுல நடுவருங்க வீடு வீடா வந்து பாப்பாங்க. போட்டி நாள்ல கூட்டம் இருக்கும். அது முடிஞ்ச அடுத்த வாரம் போனீங்கன்னா பெயின்ட் புதுசா பளிச்சுன்னு இருக்கும், ஊரும் அமைதியா இருக்கும், நாங்க அப்படித் தான் போனோம். குளிர்காலத்துல போனவங்க தான் நிறம் மங்கியிருக்குன்னு கொறை சொல்லியிருக்காங்க. கார்ப்பஸ் கிறிஸ்டி ஈஸ்டர்லேர்ந்து 60 நாள் கழிச்சு வர்ற வியாழக்கெழம, அதனால தேதி வருஷா வருஷம் மாறும். 2026ல ஜூன் 4, 2027ல மே 27. அம்மா 2027க்குத் திரும்ப வர்றேன்னு இப்பவே சொல்லிட்டாங்க, அந்தப் பாப்பி பூ இன்னும் இருக்கான்னு பாக்கணுமாம்.