குட்டிச் சிப்பாயும் வேளச்சேரி ஈரக்காத்தும்: ஆறு வருஷ மினியேச்சர் அனுபவம்

2020 நவம்பர்ல ஒரு நாள் ஷெல்ஃப் கதவ தெறந்தா பன்னெண்டு சிப்பாய் பொம்மைங்க காலடியில வெள்ளையா பஞ்சு மாதிரி மொளச்சு நிக்குது. பூஞ்சை. டீ போட்டு வடிகட்டின தூள காயவெச்சு சருகு மாதிரி பேஸ்ல, பொம்மை நிக்கற தட்டுல, ஒட்டலாம்னு ஒரு வெளிநாட்டுக்காரர் வீடியோல பாத்து செஞ்சது. அவர் ஊர்ல அது ஒரே ராத்திரில காஞ்சிடும் போல, இங்க வேளச்சேரில கிரவுண்ட் ஃப்ளோர்ல ஐப்பசி மழைல தொவச்சு போட்ட ஜீன்ஸே மூணு நாள் ஆகுது காய, டீத்தூள் எங்கேந்து காயும். மூணு வாரம் வேலை, பன்னெண்டு பேரையும் காலோட வெட்டி எடுத்தேன். இந்த ஹாபிய சென்னைல பண்றவன் பிரஷ் புடிக்க கத்துக்கறதுக்கு முன்னாடி ஊரு காத்த படிக்கணும்னு அன்னைக்கு தான் தெரிஞ்சது.

என்னன்னே தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. டேபிள் மேல வெச்சு ஆடற போர் விளையாட்டு, அதுக்கு கட்டைவிரல் மொத கணு ஒசரத்துக்கு, 28லேந்து 32 மி.மீ. வரைக்கும் பிளாஸ்டிக் சிப்பாய்ங்க, பிரேம்லேந்து வெட்டி ஒட்டி நாமளே பெயிண்ட் அடிக்கணும். இங்கிலாந்துல நாட்டிங்ஹாம்ல இருக்கற கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1987ல கொண்டுவந்த வார்ஹாமர் 40,000 தான் இதுல பெரிய பேரு. நான் ஆரம்பிச்சது 2019 ஜூன்ல, தண்ணி லாரிக்கு குடத்த வரிசைல வெச்சிட்டு நின்னோமே அந்த வருஷம், சிங்கப்பூர்லேந்து வந்த அத்தை பையன் ஒரு ஸ்டார்ட்டர் பாக்ஸ் குடுத்துட்டு போனான். ஆடறதுக்கு ஆள் கெடைக்கறது அபூர்வம், மொத்தமே ஒரு இருவது கேம் ஆடிருப்பேன், பெயிண்ட் அடிச்சது இருநூத்தி சொச்சம். அதுல ஒரு முப்பது உருப்படி நாலு பேர் கண்ணுல படற மாதிரி இருக்கும்.

சரி, பெயிண்ட் பக்கம் வருவோம். மொத எதிரி ஸ்ப்ரே ப்ரைமர். பெயிண்ட் பிளாஸ்டிக்ல புடிக்கறதுக்கு அடில ப்ரைமர் வேணும், ஸ்ப்ரே டின்னுல அடிச்சா அஞ்சு நிமிஷ வேலை. காத்துல ஈரம் எழுவது சதவீதத்த தாண்டி இருந்தா அடிக்கற ப்ரைமர் வழவழன்னு படியாம மைதா மாவு தூவின மாதிரி சொரசொரன்னு ஒக்காரும், நம்ம ஊர்ல காலைல எந்திரிச்சு பாத்தா வருஷத்துல முக்காவாசி நாள் அதுக்கு மேல தான் இருக்கும். சரி வெயில்ல அடிப்போம்னு மே மாசம் மதியம் மொட்டமாடிக்கு போனா துளி சிப்பாய் மேல படறதுக்குள்ள காத்துலயே காஞ்சு போய் அதே சொரசொரப்பு. என் கணக்குல பொங்கல் முடிஞ்சதுலேந்து மார்ச் கடைசி வரைக்கும், காலைல பத்து பத்தரைக்கு மேல, அது தான் ஸ்ப்ரே சீசன், வருஷத்துக்கு வேண்டியத அப்பவே அடிச்சு பொட்டில போட்டு வெச்சிடுவேன் வத்தல் போடற மாதிரி. மத்த மாசத்துல பிரஷ்ல தடவற ப்ரைமர் தான், ரெண்டு கோட்டு, நடுவுல ஒரு நாள் முழுசா விடணும்.

காசு மிச்சம் புடிக்கறேன்னு ஜி.பி. ரோட்ல வண்டிக்கு அடிக்கற ஸ்ப்ரே வாங்கி அடிச்ச கதையும் உண்டு. இந்த சிப்பாய்ங்க பாலிஸ்டைரீன், அந்த ஸ்ப்ரேல இருக்கற தின்னர் அத கரைக்கும். லேசா தூரத்துலேந்து தூவினா பொழச்சிக்கும், நான் பக்கத்துல புடிச்சு ஈரமா அடிச்சேன், நாலு பேரோட மூஞ்சி மெழுகு மாதிரி வழிஞ்சிடுச்சு. டின்னு மேல குத்தம் இல்ல, அது வண்டிக்கு செஞ்சது.

அடுத்தது ஃபேன். ஃபேன் போட்டா பெயிண்ட் பிரஷ் நுனிலயே காஞ்சு போகும், ஃபேன் ஆஃப் பண்ணா நெத்திலேந்து வேர்வை நேரா சிப்பாய் தலைல சொட்டும். இதுக்கு வெட் பேலட், அதாவது பெயிண்ட் காயாம வெச்சு கலக்கற ஈரத் தட்டு, இல்லாம சென்னைல அக்ரிலிக் பெயிண்ட்டே தொடக்கூடாதுன்னு சொல்வேன். கடைல வாங்க வேணாம், ஸ்வீட் வாங்கின பிளாஸ்டிக் டப்பா, உள்ள பாத்திரம் தேய்க்கற ஸ்பாஞ்ச தண்ணில நனைச்சு வெச்சு மேல கேக் சுடறதுக்கு போடற பேப்பர விரிச்சா முடிஞ்சது, மூடி வெச்சா மூணு நாள் கழிச்சும் பெயிண்ட் ஈரமா இருக்கும். நாலாவது நாள் மூடிய தெறந்தா சாக்கடை நாத்தம் அடிக்கும், அதுக்கு ஒரு செப்புத் துண்டு உள்ள போட்டா பூஞ்சை கம்மியாகும்னு சொன்னாங்க, பூஜை ரூம்ல கெடந்த பழைய செப்புத் தகட்ட வெட்டி போட்டேன், அம்மாக்கு இன்னும் தெரியாது.

பெயிண்ட் பிராண்டு பத்தி ரொம்ப பேச விருப்பமில்ல. சொட்டு மூக்கு வெச்ச பாட்டில்ல வர்றது, ஸ்பெயின் நாட்டு வல்லேஹோ மாதிரி, நம்ம ஊரு சூட்டுக்கு நல்லா தாங்குது, என்கிட்ட 2019ல வாங்கின பாட்டில் நாலஞ்சு இன்னும் ஓடுது. மூடி தெறந்து பிரஷ்ஷ முக்கற டப்பா ரகம் வாய்ல பெயிண்ட் காஞ்சு மூடி சரியா மூடாம ஒரு கோடைக்குள்ள ரப்பராயிடும், எடுத்து வேற பாட்டில்ல ஊத்தி வெச்சிடுங்க. 2019ல கான்ட்ராஸ்ட்னு ஒரு வகை வந்துச்சு, வெளுப்பான ப்ரைமர் மேல ஒரே தடவை தடவினா பள்ளத்துல தானா கருப்பா எறங்கி மேட்டுல லேசா நிக்கும், அவசரக்காரனுக்கு வரப்பிரசாதம். ஆனா அதையும் ஃபேன் காத்துல அடிச்சா ஓரத்துல காபி டம்ளர் வெச்ச வட்டம் மாதிரி கோடு கோடா நிக்கும். பிரஷ்ஷுக்கு ஒண்ணே ஒண்ணு நல்லதா ஒன்னாம் நம்பர் வாங்கினா போதும், டிரைப்ரஷ் பண்றதுக்கு, அதாவது பெயிண்ட்ட தொடச்சிட்டு காஞ்ச பிரஷ்ஷால மேட்டுல மட்டும் தேய்க்கறதுக்கு, ரங்கநாதன் தெருல விக்கற மேக்கப் பிரஷ் செட்ட அடிச்சிக்க ஆளே இல்ல.

எனக்கு உண்மையா புடிச்ச இடம் பேஸ். அதாவது சிப்பாய் நிக்கற அந்த வட்டத் தட்டு, 25 மி.மீ., 32 மி.மீ.னு இருக்கும், அதுல மண்ணு, கல்லு, புல்லு எல்லாம் ஒட்டி ஒரு எடத்த உண்டாக்கறது. பெயிண்ட் சுமாரா இருந்தாலும் பேஸ் நல்லா இருந்தா சிப்பாய் எங்கயோ நிக்கறான்னு தோணும், பெயிண்ட் பிரமாதமா இருந்து பேஸ் வெறும் கருப்பா இருந்தா கடை ஷோகேஸ்ல நிக்கறான்னு தான் தோணும். பேஸிங் சாமான்னு வெளிநாட்டு டப்பா ஒண்ணு வாங்கற காசுக்கு இங்க ரெண்டு வருஷத்துக்கு சாமான் சேக்கலாம்.

பெசன்ட் நகர் பீச் மண்ணுலேந்து தொடங்கினேன். அலைக்கு கிட்ட போகாம மேல காஞ்ச மணல அள்ளணும், வீட்டுக்கு வந்து நாலு தண்ணி மாத்தி அலசணும், அலசாம ஒட்டினேன் மொத தடவை, ரெண்டு மாசத்துல கருப்பு பெயிண்ட்ட தாண்டி உப்பு வெள்ளையா பூத்துடுச்சு. அலசின மணல வாணலில வறுத்து எடுத்தா சுத்தம். அதுல நடுநடுல கருப்பு பொடி கலந்து வரும், காந்தத்த காட்டினா பாதி ஒட்டிக்கும், அத தனியா எடுத்து வெச்சா எரிஞ்ச எடத்துக்கு சாம்பல் மாதிரி தூவலாம்.

ரொம்ப நைசான மண்ணு வேணும்னா கோலமாவு. இதுல ஒரு பாடம் இருக்கு, கோலமாவுல கல்மாவும் இருக்கு அரிசிமாவும் இருக்கு, நான் சமையல்ரூம் டப்பாலேந்து அம்மா வெச்சிருந்தத எடுத்து ஒட்டிட்டேன், அது அரிசிமாவு. மறுநாள் காலைல பாத்தா என் படைக்கு மேல இன்னொரு படை, செவப்பா, ஒழுங்கா வரிசை கட்டி அணிவகுத்து போய்க்கிட்டு இருக்கு. "ஏன்டா, கோலம் போட வெச்ச மாவ எறும்புக்கு போட்டுட்டியா, சரி புண்ணியம் தான் விடு"ன்னாங்க அம்மா.

காஞ்ச புல்லுக்கு வெட்டிவேர். மயிலாப்பூர்ல நாட்டு மருந்துக் கடைல ஒரு கட்டு வாங்கினா ஆயுசுக்கும் வரும், வெட்டி குத்தி வெச்சா மரத்து வேர் மாதிரியும் இருக்கும், கருகின புல்லு மாதிரியும் இருக்கும், பெயிண்ட்டே வேணாம். கடைக்காரர் "ஜூஸுக்கா தம்பி, தலைக்கு தேய்க்கவா"ன்னு கேட்டாரு, பொம்மைக்குன்னு சொல்ல கூச்சமா இருந்துச்சு, தலைக்குன்னேன். ஷெல்ஃப் தெறந்தா இப்ப லேசா வெட்டிவேர் வாசனை வருது, பூஞ்சை வாசனைக்கு இது எவ்வளவோ மேல்.

பச்சைப் புல்லு நிமிந்து நிக்கணும்னா ஸ்டேட்டிக் கிராஸ், குட்டி குட்டி நைலான் நூலு, மின்சாரம் ஏத்தி தூவினா பசைல செங்குத்தா நிக்கும். அந்த மெஷினுக்கு பதிலா கொசு பேட்ட பிரிச்சு வயர இழுத்து டீ வடிகட்டில கட்டி செய்வாங்க. நானும் ரிட்சி ஸ்ட்ரீட் போய் வயரு, க்ளிப்பு வாங்கி செஞ்சேன், வேலை செய்யுது, ஆனா ஆஃப் பண்ணதுக்கு அப்புறமும் கெப்பாசிட்டர்ல கரண்ட் நிக்கும், மூணு தடவை ஷாக் வாங்கியாச்சு. கரண்ட் பத்தி தெரியாதவங்க தொடாதீங்க. அதுவும் மழை மாசத்துல ஈரக்காத்துல சார்ஜ் நிக்காம புல்லு எல்லாம் குடிகாரன் மாதிரி சாஞ்சு கெடக்கும்.

ஆனா என் மனசுக்கு நெருக்கமான பேஸ் ஏரி மண்ணு பேஸ். 2019ல புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வத்தி பாளம் பாளமா வெடிச்சு கெடந்தது மண்டைல அப்படியே நின்னுடுச்சு. செவ்வாய் கிரகத்து மண்ணு மாதிரி காஞ்சு வெடிக்கறதுக்குன்னே டப்பால பெயிண்ட் விக்கறாங்க, கனமா பூசினா பெரிய பாளம், லேசா பூசினா சின்ன வெடிப்பு. அதுக்கு பதிலா நான் களிமண்ண ஜலிச்சு, தண்ணில கொழச்சு, ஃபெவிகால் தடவின பேஸ்ல மூணு மி.மீ. கனத்துக்கு பூசி மே மாச வெயில்ல மொட்டமாடில வெச்சேன், சாயங்காலம் வந்து பாத்தா ஒரு கைக்குள்ள அடங்கற செம்பரம்பாக்கம். மேல தண்ணி கலந்த ஃபெவிகால்ல ஒரு துளி பாத்திரம் கழுவற லிக்விட் விட்டு சொட்டு சொட்டா ஊத்தினா எறுகிடும். இந்த ஒரு விஷயத்துக்கு தான் மே மாசத்த நான் திட்டறதில்ல.

அப்புறம் 2023 டிசம்பர், மிக்ஜாம். வீட்டுக்குள்ள முட்டி வரைக்கும் தண்ணி, ஃபிரிட்ஜையும் சர்டிபிகேட்டையும் மேல ஏத்தினதுல ஷெல்ஃபோட கீழ்த்தட்டு மறந்தே போச்சு. ரெண்டு நாள் சாக்கடை தண்ணில ஊறினதுங்க எழுவது உருப்படி. யாரும் விரும்பி செய்யாத ஒரு சோதனைங்கறதால முடிவ சொல்றேன். பிளாஸ்டிக்கும், வார்னிஷ் அடிச்ச பெயிண்ட்டும் ஒண்ணுமே ஆகல, சோப்பு தண்ணில கழுவினேன், பளிச்சுனு இருக்கு. வார்னிஷ் அடிக்காததுல மூக்கு, முட்டி, கத்தி நுனினு பெயிண்ட் உரிஞ்சு போச்சு. எம்.டி.எஃப். மரத்தூள் பேஸ் எல்லாம் ஊறின ரஸ்க் மாதிரி உப்பி நாலு மடங்கா பிரிஞ்சுது. ஃபெவிகால்ல ஒட்டின மண்ணு எல்லாம் கரைஞ்சு பேஸ் மொட்டை, செம்பரம்பாக்கம் மறுபடியும் தண்ணிக்கடில. ஃபெவிகுவிக்ல ஒட்டின கல்லு மட்டும் அசையல. பேஸ்க்கு அடில வெயிட்டுக்கு ஹார்ட்வேர் கடை வாஷர் ஒட்டிருந்தேன், அது மொத்தம் துரு. இப்ப பேஸ் முடிச்சதும் மேட் வார்னிஷ் ரெண்டு கை, பிரஷ்ல தான், ஸ்ப்ரே வார்னிஷ் ஈரக்காத்துல பனி மூடின மாதிரி வெளுத்துடும். எல்லாத்துக்கும் அடில காந்தம் ஒட்டி பழைய பிஸ்கட் டின்னுல நிக்க வெச்சிருக்கேன், தண்ணி வந்தா டின்னோட தூக்கிட்டு ஓடலாம், பஸ்ல எடுத்துட்டு போனாலும் ஒருத்தனும் சாயறதில்ல.

செலவு கேப்பீங்க. சிப்பாய் தான் செலவு, மத்தது இல்ல. வெளிநாட்டுலேந்து வரவெச்சா பொம்மைன்னு வகைப்படுத்தினா சுங்க வரி கடிக்கும், 2020 பட்ஜெட்ல இருவதுலேந்து அறுவது சதவீதம் ஆக்கினாங்க, 2023ல எழுவது. அதனால இப்ப பாதிக்கு மேல இங்கயே ரெசின்ல 3டி பிரிண்ட் எடுக்கறவங்ககிட்ட தான் வாங்கறேன், டீடெயில் நல்லா இருக்கு, கீழ விழுந்தா மட்டும் கத்தி மொதல்ல ஒடையும். புதுசா ஆரம்பிக்கறவங்க அஞ்சே அஞ்சு சிப்பாய் வாங்குங்க, அம்பது வேணாம். என் கட்டிலுக்கு அடில நூத்திபத்து பேர் பெயிண்ட் அடிக்காம சாம்பல் கலர்லயே காத்துக்கிட்டு இருக்காங்க.

போன நவராத்திரிக்கு அம்மா பரண்லேந்து எறக்கின கொலு பொம்மைல செட்டியாருக்கு மூக்கு ஒடஞ்சு கண்ணு அழிஞ்சு போயிருந்துச்சு. "நீ தான் பெரிய ஆளாச்சே, போட்டு குடு"ன்னாங்க. மூக்கு எம்-சீல்ல புடிச்சேன். கண்ணுல தான் தகராறு. நாங்க மினியேச்சர்ல கண்ண தான் மொதல்ல போடுவோம், வெள்ளைய ஒரு கோடு, நடுல கருப்பு ஒரு கோடு, வழிஞ்சத தோல் கலர வெச்சு ஓரத்துல அடைச்சிடலாம்னு. அம்மா பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு கண்ணு கடைசியா தான் தெறக்கணும், மொதல்ல தெறந்தா அவரு எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருப்பாருன்னு விடவே இல்ல. சரின்னு கடைசியா போட்டேன், கை நடுங்கிச்சு, லேசா ஒன்றரைக் கண்ணு. அவருக்கு முன்னாடி பரப்பற அரிசி பருப்புக்கு பதிலா பீச் மணல் பேஸ் ஒண்ணு செஞ்சு தரவான்னு கேட்டேன், மளிகைக் கடைக்காரருக்கு எதுக்குடா மணல்னுட்டாங்க.