அல்வாக் கடைக்கே அல்வா: ஸ்க்ரீன்ஷாட்டை நம்பிப் பொருளைக் கொடுக்காதீங்க

நெல்லை டவுன் கீழ ரதவீதியில, சாயங்காலக் கூட்டத்துல ஒரு அல்வாக் கடை ஏமாந்திருக்கு. மூணு கிலோ அல்வா, ஒரு கிலோ மிக்சர். வாங்க வந்தவன் க்யூஆர் அட்டைக்கு நேரா போனை நீட்டிட்டு, "அண்ணாச்சி, போயிருச்சு பாருங்க"ன்னு பச்சை டிக்கைக் காட்டினான். அதை வாட்ஸப்பிலும் அனுப்பிவிட்டான். ராத்திரி கணக்கு முடிக்கும்போதுதான் அந்தப் பணம் வரவே இல்லைன்னு தெரிஞ்சது.

அந்தப் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தா எல்லாம் தெரியுது. பணம் பெறுபவர் பெயர்ல கடை போர்டுப் பெயர் இருக்கு. ஆனா கடையோட க்யூஆர் அண்ணாச்சி மகன் பெயர்ல. ஸ்கேன் பண்ணினா அந்தப் பெயர்தான் வரும். தொகையில முதல் இலக்கம் மட்டும் ஒரு நூல் மேலே நிக்குது. போனோட மேல்பட்டையில மணி 4:52, ரசீதுல 7:10. ஏதோ பழைய ரசீதுல எழுத்தை மட்டும் மாத்தியிருக்கான்.

இதெல்லாம் கூட்ட நேரத்துல யார் பார்ப்பா? நல்லா வேலை செஞ்ச போலியில இந்தப் பிழைகூட இருக்காது. டிக் சுத்தி, சத்தமும் போடுற போலிச் செயலிகளும் இருக்கு. அதனால வாங்குறவர் போன்ல தெரியறது எதுவும் வரவு ஆகாது. உங்க சவுண்ட் பாக்ஸ் தொகையைச் சொல்லணும், இல்லாட்டி உங்க வங்கிச் செயலியில வரவு தெரியணும். எஸ்எம்எஸ் மட்டும் போதாது. சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து வந்த "கிரெடிட்" செய்தி வங்கியோடது இல்லை. முதலாளி போன் வீட்டுல, பையன் கல்லாவுலன்னு இருக்கிற கடைகள்தான் அதிகம் மாட்டுது. வியாபாரிச் செயலியில ஊழியர் நம்பரைச் சேர்க்க வழி இருந்தா இன்னைக்கே சேர்த்துடுங்க. ஆனித் தேரோட்டக் கூட்டத்துல நெட்வொர்க் திணறி சவுண்ட் பாக்ஸ் ஊமையாகும். அன்னைக்குச் செயலியைத் திறந்து பார்க்கிறதைத் தவிர வேற வழியில்லை.

சந்தேகம் வந்தா 12 இலக்க யூடிஆர் எண்ணைக் கேளுங்க, அதாவது ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் தனியா வர்ற அடையாள எண். பல பரிவர்த்தனைகள்ல முதல் இலக்கம் ஆண்டோட கடைசி இலக்கம், அடுத்த மூணு அந்த வருஷத்தோட எத்தனையாவது நாள்னு இருக்கும். 2025 ஜூலை 14ன்னா 5195ல தொடங்கும். எல்லா வங்கியும் இப்படித் தர்றதில்லை. பொருந்தலைன்னா விசாரிங்க, பொருந்திட்டதுங்கறதுக்காக நம்பிடாதீங்க. "பெண்டிங்"னு இருந்தாலும் பொருள் கைமாறக்கூடாது.

ஏமாந்துட்டா ஆதாரத்தை ஒழுங்கா எடுக்கணும். ஆண்ட்ராய்டுல பவரும் வால்யூம் குறைக்கிற பட்டனும் சேர்த்து அழுத்துங்க. ஹோம் பட்டன் இல்லாத ஐபோன்ல பக்கவாட்டு பட்டனும் வால்யூம் கூட்டுற பட்டனும். வாட்ஸப் வெப்பைக் கணினியில திறந்திருந்தா விண்டோஸ் பட்டனும் பிரிண்ட் ஸ்க்ரீனும். படம் 'பிக்சர்ஸ்' உள்ளே 'ஸ்க்ரீன்ஷாட்ஸ்' ஃபோல்டருக்குப் போகும். அவன் நம்பரும் தேதியும் நேரமும் படத்துல விழணும், வெட்டாதீங்க. சாட்டை அழிக்கவே கூடாது. யாருக்காவது அனுப்பணும்னா 'டாக்குமெண்ட்'டா அனுப்புங்க, ஃபோட்டோவா போனா தரம் குறையும்.

வியாபாரிகள் குரூப்புல எச்சரிக்கையாப் போடும்போது உங்க கணக்கு எண்ணைப் போன் எடிட்டர்ல இருக்கிற ஹைலைட்டர் பேனாவால கிறுக்கி மறைக்காதீங்க. அந்த மை முழுசா மறைக்காது, வெளிச்சத்தைக் கூட்டினா எண் தெரிஞ்சிடும். அடர்த்தியான கட்டம் போட்டு மூடுங்க. ஏமாந்தது தெரிஞ்ச உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழைச்சுச் சொல்லுங்க. யூடிஆர், நேரம், தொகை மூணும் கையில இருக்கட்டும்.