‘கே-கோட் 289’ எஞ்சின் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

1965 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஒன்றில் பொருத்துவதற்காக அமெரிக்காவில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய 289 கன அங்குல வி8 எஞ்சின் பற்றிய பதிவு இது. ‘ஒரிஜினல் கே-கோட் ஹைபோ, 271 குதிரைசக்தி’ என்று சொல்லித்தான் விற்றார்கள், விலையும் அதற்கேற்பத்தான். கே-கோட், ஹைபோ (ஹை பெர்ஃபாமன்ஸ்) இரண்டுமே 289இன் அதிக சக்தி கொண்ட வகையைக் குறிக்கும் பெயர்கள். ஸ்டாண்டில் ஏற்றிப் பிரித்ததும் உள்ளே இருந்தது சாதாரண 289. ஹைபோவுக்கு உரியவை வெளியில் மாட்டிய சாமான்கள் மட்டும்தான்.

குரோம் வால்வு கவர், இரட்டை பாயின்ட் டிஸ்ட்ரிபியூட்டர், பெரிய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அகலமான டாம்பர் (கிராங்ஷாஃப்டின் முன்முனையில் அதிர்வைக் குறைக்கும் வளையம்), ஆட்டோலைட் 4100 கார்பரேட்டர் எல்லாம் அதில் இருந்தன. இவற்றை நம்பித்தான் பலரும் பணம் கொடுக்கிறார்கள். ஆனால் இவை எல்லாமே ஸ்பேனரால் கழற்றி இன்னொரு எஞ்சினில் மாட்டக்கூடியவை. பலவற்றுக்குப் புதிதாகச் செய்த நகல்களும் கடையில் கிடைக்கின்றன. சாதாரண 289இன் டாம்பர் சுமார் ஓர் அங்குல அகலம், ஹைபோ டாம்பர் ஒன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல். அளந்து பாருங்கள், தவறில்லை. டாம்பர் ஒல்லியாக இருந்தால் சந்தேகப்படக் காரணம் உண்டு. அகலமாக இருப்பதால் மட்டும் எஞ்சின் ஹைபோ ஆகிவிடாது.

அடுத்தது எண்கள். விற்பவர் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேலே ப்ளாக்கில் வார்த்திருக்கும் எண்ணைக் காட்டுவார். சி5ஏஇ-6015-இ என்று இருந்தால் ‘பாருங்கள், இதுதான் ஹைபோ ப்ளாக்’ என்பார். அதே வார்ப்புதான் 200 குதிரைசக்தி சி-கோட், 225 குதிரைசக்தி ஏ-கோட் எஞ்சின்களிலும் வந்தது. அந்த எண்ணால் எதுவும் நிரூபணம் ஆகாது. அதற்குப் பக்கத்தில் இருக்கும் தேதிக் குறியீட்டில்தான் இன்னும் பெரிய ஏமாற்று. ‘5கே14’ என்று இருந்தால், அந்த ‘கே’ எழுத்தைக் காட்டி கே-கோட் என்கிறார்கள். அது மாதம். ஃபோர்டு ஜனவரிக்கு ஏ, பிப்ரவரிக்கு பி என்று போகும். ‘ஐ’ எழுத்தை விட்டுவிடுவதால் ‘கே’ அக்டோபரில் விழுகிறது. ஆக 5கே14 என்றால் 1965 அக்டோபர் 14இல் வார்த்த ப்ளாக், அவ்வளவுதான். கே-கோட் என்பது காரின் விஐஎன் எண்ணில் (ஒவ்வொரு காருக்கும் உரிய அடையாள எண்) ஐந்தாவது இடத்தில் வரும் எழுத்து. ப்ளாக்கில் வார்த்த எண்களில் அந்த எழுத்தைத் தேடிப் பயனில்லை.

அசல் கே-கோட் கார்களில் காரின் விஐஎன் எண் பெரும்பாலும் ப்ளாக்கிலும் குத்தப்பட்டிருக்கும். இருந்தால் நல்லது. ஆனால் அந்த இடம் புதிதாகத் தேய்த்த மாதிரி இருக்கிறதா, எழுத்துகள் சீராக இல்லாமல் ஏறி இறங்கி இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ப்ளாக் வார்த்த தேதி, அந்தக் கார் தயாரான தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் அந்த எண் பொய்.

இனி கழற்றிப் பார்க்க வேண்டியவை. முதலில் வால்வு கவர்கள். ஹைபோ ஹெட்டில் ராக்கர் ஸ்டட்கள் (வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர்களைத் தாங்கும் தண்டுகள்) மரையுடன் திருகப்பட்டவை. சாதாரண ஹெட்டில் அழுத்திச் சொருகப்பட்டவை. இங்கே அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள், ஏனென்றால் எந்த லேத் கடையிலும் சொருகிய ஸ்டட்டைப் பிடுங்கி, மரை போட்டு, திருகும் ஸ்டட் வைத்துவிடலாம். மேலே சொன்ன எஞ்சினில் அதைத்தான் செய்திருந்தார்கள். காட்டிக்கொடுத்தது ஸ்பிரிங் உட்காரும் இடம். ஹைபோவில் வால்வு ஸ்பிரிங்கின் அடிப்பகுதி, ஹெட்டோடு சேர்ந்தே வார்த்த கிண்ணம் போன்ற குழிக்குள் உட்காரும். ஸ்பிரிங்கைச் சுற்றி விளிம்பு தெரியும். சாதாரண ஹெட்டில் அந்த இடம் தட்டை, சுற்றிலும் விளிம்பு கிடையாது. ராக்கர்களையும் கவனியுங்கள். 1966 நடுவிலிருந்து சாதாரண 289களில் வந்த, வால்வு முனையைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும் ரெயில் ராக்கர்கள் இருந்தால் அது ஹைபோ ஹெட் இல்லை. வால்வுகளை அளந்து நேரத்தை வீணாக்க வேண்டாம், இரண்டிலும் ஒரே அளவுதான். ஹைபோவுக்கு உரிய சாலிட் டேப்பட் சத்தம் ‘டிக் டிக்’ என்று கேட்பதும் சான்றாகாது. கேம்ஷாஃப்டையும் டேப்பட்களையும் மாற்றினால் எந்த 289உம் அப்படித்தான் சத்தம் போடும்.

உண்மை தெரிவது ஆயில் சம்ப்பைக் கழற்றிய பிறகுதான். எஞ்சினைத் தலைகீழாகத் திருப்பி, கிராங்ஷாஃப்டை ப்ளாக்கோடு பிடித்திருக்கும் மெயின் பேரிங் கேப்களைப் பாருங்கள். ஹைபோவில், குறிப்பாக நடுவில் உள்ள 2, 3, 4ஆம் கேப்கள் கண்ணுக்கே தெரியும் அளவு தடிமன். போகும்போது ஒரு சாதாரண 289 கேப்பைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகமே வராது. பிறகு கனெக்டிங் ராட் போல்ட்களைக் காலிபரால் அளந்து பாருங்கள். ஹைபோவில் 3/8 அங்குலம், அதாவது 9.5 மி.மீ. சாதாரண எஞ்சினில் 5/16 அங்குலம், கிட்டத்தட்ட 7.9 மி.மீ. நாம் பேசும் எஞ்சினில் கேப் ஒல்லி, போல்ட் 7.9.

தடித்த கேப் இருந்தும் எஞ்சின் ஹைபோ இல்லாமல் போகலாம். மெக்சிகோவில் வார்த்த, ஃபோர்டின் 302 கன அங்குல எஞ்சின் ப்ளாக்குகளிலும் அதே மாதிரி கனமான கேப்கள் உண்டு. லிஃப்டர் பள்ளத்தில் (இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், டேப்பட்கள் இருக்கும் இடம்) ‘ஹெச்சோ என் மெக்சிகோ’, அதாவது ‘மெக்சிகோவில் செய்தது’ என்று வார்த்திருக்கிறதா பாருங்கள். கிராங்கையும் பாருங்கள்: 289 கிராங்கில் 1எம், 302 கிராங்கில் 2எம் என்று இருக்கும். ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) அளந்தால் 289க்கு 2.87 அங்குலம், 302க்கு 3.00 அங்குலம்.

முன்பக்க டைமிங் கவரையும் திறக்க முடிந்தால் திறந்துவிடுங்கள். ஹைபோவின் ராட் போல்ட் பெரிது என்பதால் ராட்டின் பெரிய முனை கனம் கூடும். அதைச் சமன் செய்ய, டைமிங் ஸ்ப்ராக்கெட்டுக்கும் டாம்பருக்கும் நடுவில் கிராங்கின் மூக்கில் கூடுதலாக ஓர் எடைத்துண்டு உண்டு. கோடாரி அலகு மாதிரி ஒரு பக்கம் நீண்டிருக்கும். முன்பு எஞ்சினைப் பிரித்த மெக்கானிக்குகள் ‘இது எதற்கு’ என்று எறிந்துவிட்டதும் உண்டு, அதனால் அது இல்லாததாலேயே போலி என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் அந்த எடை, ஹைபோ டாம்பர், ஹைபோ ராட் மூன்றும் ஒரு செட். சாதாரண ராட்களோடு ஹைபோ டாம்பரை மட்டும் மாட்டினால் சமநிலை கெட்டு, ஆர்பிஎம் ஏற ஏற அதிர்வு கூடி, பேரிங் சீக்கிரம் தேயும்.

இது பணம் போவதோடு நிற்கும் விஷயம் இல்லை. ஹைபோ தன் முழு சக்தியைக் கொடுப்பது 6000 ஆர்பிஎம்மில். அந்த நம்பிக்கையில் சாதாரண எஞ்சினை அடிக்கடி அந்த வேகத்துக்கு ஏற்றினால், முதலில் பாதிக்கப்படுவது 5/16 போல்ட்கள்தான். ஸ்டட்களை மாற்றாமல் கடினமான ஸ்பிரிங் மட்டும் போட்டிருந்தால், சொருகிய ஸ்டட் ஹெட்டிலிருந்து மேலே கிளம்பி வரும். ராட் போல்ட் ஒன்று அறுந்தால் ப்ளாக்கே ஓட்டையாகிவிடும்.

பில்லையும் படியுங்கள். வாயால் ‘ஒரிஜினல்’ என்ற விற்பனையாளர் பில்லில் ‘ஹைபோ ஸ்பெக்’, அதாவது ஹைபோ மாதிரி அமைத்தது என்று எழுதியிருந்தார். திருப்பிக் கேட்டபோது அந்த இரண்டு வார்த்தைகளைக் காட்டித்தான் தப்பித்தார். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ‘தொழிற்சாலை ஹைபோ ஹெட், ஹைபோ மெயின் கேப், 3/8 போல்ட் ராட், இல்லையென்றால் முழுப் பணமும் திரும்ப’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சம்ப்பைத் திறக்க மாட்டேன் என்று விற்பவர் சொன்னால், ஏ-கோட் எஞ்சினின் விலைக்கு மேல் ஒரு டாலரும் பேசாதீர்கள்.