ஆறு வருஷமாக ஃபைல் அழிக்கிறேன்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார், ரேஷன் கார்டு, ரப்பர் தோட்டத்துப் பத்திரம் எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். குலசேகரத்திலிருந்து வரும் பெரியவர் ஒருவர் மட்டும் ஸ்கேன் முடிந்ததும் கேட்பார்: "மக்களே, அழிச்சிருவேல்லா?" தலையாட்டிவிட்டு ஷிஃப்ட்-டெலீட் அடிப்பேன். ஒரு நாள் கைதவறி அழித்த கல்யாணப் பத்திரிகை டிசைனைத் தேடி, அழித்த ஃபைல்களை மீட்கும் ரெக்கூவா மென்பொருளை ஓட்டினேன். டிசைன் வரவில்லை, பெரியவரின் பத்திரம் கையெழுத்தும் முத்திரையுமாக வந்து நின்றது.

அன்றிலிருந்து மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் எஸ்டெலீட். ஃபைலின் மேல் வேறு தரவை எழுதி, பெயரையும் 'ஏ'யிலிருந்து 'இசட்' வரை 26 முறை மாற்றிவிட்டுத்தான் நீக்கும். 'அனுமதி இல்லை' என்று அடம்பிடித்தால் பெரும்பாலும் பிடிஎஃப் எங்கோ திறந்தே கிடக்கும். மூடினால் சரி.

ஏற்கெனவே அழித்தவை கிடந்த காலி இடத்தைச் சுத்தம் செய்ய, விண்டோஸிலேயே உள்ள சைஃபர் கட்டளையை ஒரு ராத்திரி ஓடவிட்டேன். மூன்று சுற்று ஓடும். ஐப்பசி மழை, நடுவில் கரண்ட் போய்விட்டது. காலையில் டி டிரைவ் முழுக்கச் சிவப்பு, ஒரு பக்கம் ஸ்கேன் செய்யக்கூட இடமில்லை. இடத்தை நிரப்பத்தான் அது தற்காலிக ஃபைல்களை எழுதுகிறது. பாதியில் நின்றால் அவை அப்படியே தங்கிவிடும். டிரைவின் முதல் அடுக்கில் 'ஈஎஃப்எஸ்' என்று தொடங்கும் ஃபோல்டரை நீக்கியதும் இடம் திரும்ப வந்தது. அரை நாள் வியாபாரம் போனது போனதுதான்.

இதைவிடப் பெரிய ஓட்டை, பிரதிகள். ஸ்கேனர் மென்பொருள் தன் ஃபோல்டரில் ஒன்று வைத்திருந்தது. பழைய நிலைக்குத் திரும்புவதற்காக விண்டோஸ் எடுத்து வைக்கும் ரீஸ்டோர் பாயிண்டில் இன்னொன்று. மூலத்தை மட்டும் எத்தனை முறை தேய்த்து என்ன பயன்? 35 முறை எழுத வேண்டும் என்பார்கள் சிலர். அது 1996-இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் அந்தக் கால ஹார்டு டிஸ்குகளை வைத்துச் சொன்ன கணக்கு. இன்றைய டிஸ்குக்கு ஒரு முறை போதும்.

அப்புறம் ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக, சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி போட்டேன், பழைய வித்தை செல்லவில்லை. அதே இடத்தில் எழுதச் சொன்னாலும் அது சிப்பில் வேறு இடத்தில் எழுதிக்கொள்ளும். பழையது எங்காவது கிடக்கலாம். அதனால் இப்போது ஸ்கேன் நேராக, தரவைச் சங்கேதமாக மாற்றிப் பூட்டும் வெராகிரிப்ட் மென்பொருளின் பெட்டிக்குள் போகிறது. மிச்சம் கிடந்தாலும் பாஸ்வேர்டு இல்லாமல் குப்பைதான். குறை ஒன்று: கடை அடைக்கும்போது பெட்டியை மூடப் போனால், உள்ளே ஏதோ ஃபைல் திறந்திருக்கிறது என்று அடிக்கடி மறுக்கும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எந்த பிடிஎஃப் என்று தேடிக்கொண்டிருப்பேன்.