சாக்கிநாக்கா பட்டறையின் மடக்கு வண்டி: படப்பிடிப்பு ஒலிப்பதிவாளர்களுக்காக ஒரு மதிப்பீடு

மும்பை சாக்கிநாக்காவில் அலுமினியச் சட்டங்களை அறுத்துச் சேர்க்கும் ஒரு சிறிய தமிழர் பட்டறை, படப்பிடிப்பு ஒலிப்பதிவாளர்கள் தங்கள் கருவிகளை வைத்துத் தள்ளிச் செல்வதற்கென்றே ஒரு மடக்கு வண்டியைச் செய்து தருகிறது. போன கோடையில் வாங்கிய அந்த வண்டியைப் பருவமழை முழுவதும் வேலைக்குக் கொண்டுபோயிருக்கிறேன். வண்டியின் எடை 11 கிலோ, விலை 38,000 ரூபாய். மடக்கும் அமைப்பும் சட்டத்தின் விறைப்பும் இறக்குமதி வண்டிகளுக்குப் பக்கத்தில் தயக்கமின்றி நிறுத்தக்கூடிய தரத்தில் உள்ளன. முன் சக்கரங்களும் வயர்லெஸ் மைக்குகளுக்கான ஆன்டெனாக் கம்பத்தைத் தாங்கும் பிடியும் அந்தத் தரத்தை இன்னும் எட்டவில்லை. குறைகளையும் சேர்த்துப் பார்த்த பிறகும், ஒரே நாளில் இரண்டு மூன்று இடம் மாறி வேலை செய்பவர்கள் இதை வாங்கலாம் என்பதே என் முடிவு.

படப்பிடிப்பின்போதே நடிகர்களின் குரலைப் பதிவு செய்யும் நேரடி ஒலிப்பதிவு மும்பையில் இன்று படங்களோடு நிற்பதில்லை. வெப் தொடர்களும் விளம்பரங்களும் பெரும்பாலும் அப்படித்தான் எடுக்கப்படுகின்றன. அவை எடுக்கப்படும் இடங்களோ அந்தேரி அடுக்கு மாடி வீடுகள், மட் தீவின் பழைய பங்களாக்கள், ஆரே காலனியின் மண் பாதைகள், தென் மும்பையின் லிஃப்ட் இல்லாத கட்டடங்கள் என்று அமைகின்றன. ஒலிகளைக் கலக்கும் மிக்சர், மைக்குகளின் சிக்னலைப் பெறும் வயர்லெஸ் ரிசீவர்கள், பேட்டரிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வேலை செய்யலாம். நம்மில் பலர் அப்படித்தான் தொடங்கினோம். ஆனால் பத்துக் கிலோவுக்கு மேல் தோளில் தொங்க, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முழுவதும் நின்றுகொண்டே மிக்சரில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை நகர்த்துகிற வேலை முதுகெலும்பை என்ன செய்யும் என்பது இத்தொழிலில் நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும் தெரியும். இதற்கு மாற்றாகக் கிடைக்கும் இரும்பு வண்டிகள் கருவிகளை ஏற்றுவதற்கு முன்பே இருபத்தைந்து கிலோவைத் தொடுகின்றன. அவற்றுக்கு டெம்போவும் தூக்கிவிட இரண்டு ஆட்களும் வேண்டும். சிறிய பட்ஜெட் படப்பிடிப்பில் அந்த ஆட்கள் அநேகமாக லைட்டிங் துறையிடமிருந்து இரவல் வாங்கப்பட்டவர்களாக இருப்பார்கள். ஆகவே ஒருவரே தூக்கி, ஒருவரே விரித்து, ஒருவரே தள்ளக்கூடிய வண்டி என்பது இங்கே உண்மையான தேவை.

மடக்கும் விதத்தை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டறைக்காரரின் சிந்தனை அதிகம் செலவாகியிருப்பது அங்கேதான். பின்சட்டம் அசையாமல் நிற்க, முன்சட்டம் உள்நோக்கி மடிந்து அதன்மேல் படிகிறது. மேல்தட்டும் கீழ்த்தட்டும் கழன்று வருவதில்லை. கீல்களில் இணைந்தபடியே இரண்டு சட்டங்களுக்கும் நடுவே படுத்துக்கொள்கின்றன. கழற்றி எடுக்க வேண்டிய போல்ட்டோ தொலைத்துவிடக்கூடிய பின்னோ எதுவும் இல்லை. நள்ளிரவு பேக்-அப் வேளையில் ஜெனரேட்டர் அணைந்த பிறகு செல்பேசி வெளிச்சத்தில் ஒரு சிறு திருகைத் தேடியவர்களுக்கு இதன் அருமை விளங்கும். இரண்டு கிளாம்ப்களை விடுவித்து, மேல்தட்டின் முன்விளிம்பைத் தூக்கினால் போதும். ஒரு நிமிடத்துக்குள் வண்டி தட்டையாகிவிடுகிறது.

மடித்த பின் அளவு 78 செ.மீ. நீளம், 52 செ.மீ. அகலம், 26 செ.மீ. உயரம். மூன்றையும் கூட்டினால் 156. பல விமான நிறுவனங்கள் செக்-இன் பெட்டிக்கு வைத்திருக்கும் 158 செ.மீ. வரம்புக்குள் இது அடங்குகிறது; உள்நாட்டுப் பயணத்தில் வழக்கமாகக் கிடைக்கும் 15 கிலோவுக்குள் வண்டியோடு சில கேபிள்களும் போய்விடுகின்றன. ஊருக்குள்ளே இந்த அளவுக்கு வேறு பயன் உண்டு. பாந்திராவுக்கும் சயானுக்கும் தெற்கே ஆட்டோ ஓட அனுமதி இல்லாததால், கொலாபாவிலோ கிர்காவிலோ படப்பிடிப்பு என்றால் டாக்சியைத்தான் நம்ப வேண்டும். டாக்சியின் டிக்கியில் பாதிக்கு மேல் சி.என்.ஜி. சிலிண்டர் உட்கார்ந்திருக்கும். அந்தச் சிலிண்டருக்கு முன்னால் மிஞ்சும் இடத்தில் இந்த வண்டி செங்குத்தாக நிற்கிறது. அளவெடுத்துச் செய்ததா என்று கேட்டதற்கு, ஸ்டாண்டில் நின்ற டாக்சிகளின் டிக்கியைத் திறக்கச் சொல்லி டேப் வைத்துப் பார்த்ததாகப் பட்டறைக்காரர் சொன்னார்.

52 செ.மீ. அகலம் பற்றி ஒரு வார்த்தை. ரேக் எனும் அடுக்குச் சட்டத்தில் பொருத்தும் 19 அங்குலக் கருவியின் முகப்பு 482.6 மி.மீ.; அதைத் தாங்கும் சட்டத்தையும் சேர்த்தால் 52 செ.மீ.க்குக் கீழே போக வழியில்லை. ரேக் கருவி எதுவும் வைத்திருக்காதவர்கள் 42 செ.மீ. அகலத்தில் கேட்டால் அப்படியும் செய்து தருகிறார்கள். பழைய கட்டடங்களின் குளியலறைக் கதவு, மாடிப்படித் திருப்பம் ஆகியவற்றைக் கடக்கும்போது அந்தப் பத்து செ.மீ. பெரிய வேறுபாடு.

எடை எப்படிக் குறைக்கப்பட்டிருக்கிறது என்பதில்தான் நல்ல வண்டியும் மோசமான வண்டியும் பிரிகின்றன. அலுமினியத்தின் அடர்த்தி 2.7; எஃகினுடையது ஏறத்தாழ 7.85. ஆனால் விறைப்பிலும் அலுமினியம் எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். எனவே இரும்புக் குழாய்க்குப் பதிலாக அதே அளவு அலுமினியக் குழாயைப் போட்டுவிட்டு எடை குறைந்துவிட்டது என்று மகிழ்ந்தால், மேல்தட்டில் கை வைத்தவுடன் வண்டி ஆடத் தொடங்கும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மடக்கு டிராலிகள் பலவற்றின் குறை இதுவே. இந்தப் பட்டறை குழாயின் சுவர்த் தடிமனை 1.6 மி.மீ.யிலேயே வைத்துக்கொண்டு, விட்டத்தை 25 மி.மீ.யிலிருந்து 38 மி.மீ.க்கு உயர்த்தியிருக்கிறது. இப்படிச் செய்யும்போது குழாயின் எடை சுமார் ஒன்றரை மடங்காகிறது. வளைவை எதிர்க்கும் விறைப்போ விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்வதால் சுமார் மூன்றரை மடங்காகிறது. 35 கிலோ கருவிகளை ஏற்றி, மேல்தட்டின் ஒரு மூலையைப் பிடித்துக் குலுக்கிப் பார்த்தேன். அசைவு இருந்தது; ஆனால் கையை எடுத்ததும் உடனே அடங்கியது. மிக்சரின் திரையில் லெவல் மீட்டரைப் படிப்பவருக்கு அவ்வளவு போதும்.

உலோகத்தின் தேர்வும் சரியானது. ஜன்னல் சட்டங்களுக்குப் பயன்படும் 6063 என்ற அலுமினியக் கலவை எளிதாகக் கிடைத்தாலும், சுமை தாங்கும் குழாய்களுக்கு வலிமை கூடிய 6061 போட்டிருக்கிறார்கள். மூலைகளில் வெல்டிங் இல்லை. கடைந்தெடுத்த மூட்டுத் துண்டுகளில் குழாயைச் செருகி போல்ட் போட்டிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். "தம்பி, வெல்டு வச்சா பாக்கதுக்கு நல்லா இருக்கும். ஆனா சூடு பட்ட எடத்துல பலம் பாதியாப் போயிரும். மறுபடி அடுப்புல போட்டுப் பதம் ஏத்த நம்மகிட்ட வசதி கெடையாது" என்றார் பட்டறைக்காரர் அண்ணாச்சி. வெப்பத்தால் பதப்படுத்தப்பட்ட 6061 கலவையைப் பொறுத்தவரை அவர் சொன்னது அப்படியே உண்மை. பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கட்டைவிரல் நகம் கீல் தகட்டின் விளிம்பில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் நகம் இலேசாகத் தடுக்கியதும் பேச்சை நிறுத்தி, மெல்லிய அரத்தை எடுத்து அந்த விளிம்பை இரண்டு இழுப்பு இழுத்தார். ஆன்டெனா கேபிள் அந்த வழியாகத்தான் மேலே போகிறது. விலையுயர்ந்த வண்டியிலும் கூரான ஒரு விளிம்பு கேபிளின் உறையை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும் என்பதை அறிந்தவர்களுக்கு, இந்த ஒரு செயலே பட்டறையின் தரத்தைச் சொல்லிவிடும்.

மும்பையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகு போல்ட் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருக்க, நடுவே உப்பு ஈரம் சேர்ந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். வெர்சோவா கடற்கரையிலும் மட் தீவிலும் வேலை செய்யும் வண்டிக்கு இது தவிர்க்க முடியாத ஆபத்து. ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும் நைலான் வாஷர் போடப்பட்டிருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நனைந்த பிறகும் மூட்டுகளில் வெள்ளைப் பொடி பூக்கவில்லை. கீழ்த்தட்டில் தண்ணீர் வடிவதற்குத் துளைகள் உள்ளன.

இனி ஓசை. மற்றத் துறைகளின் வண்டிகள் கிறீச்சிட்டால் யாரும் பொருட்படுத்துவதில்லை. நம்முடைய வண்டி டேக் நடக்கும்போது நமக்கே பகையாகிவிடும். கீல்களில் உலோகத்தோடு உலோகம் உரசாமல் நைலான் புஷ் (உள்வளையம்) போட்டிருப்பதாலும், கிளாம்ப்களின் வாயில் ரப்பர் ஒட்டியிருப்பதாலும், விரித்து நிறுத்திய வண்டி சாதாரணமாக வாய் திறப்பதில்லை. ஆனால் ஒரு சூழலில் மட்டும் திறக்கிறது. மட் தீவின் ஒரு பங்களாவில் முற்பகல் முழுவதும் வெயிலில் நின்ற வண்டியை, பிற்பகல் காட்சிக்காக ஏ.சி. போட்டுக் குளிரவைத்திருந்த அறைக்கு அடுத்த கூடத்துக்குள் தள்ளிக்கொண்டு வந்தோம். ஒத்திகையில் நடிகை மூச்சை இழுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும் இடத்தில், நீண்ட கோலில் பிடிக்கும் பூம் மைக்கில் "டிக்" என்று ஒன்று விழுந்தது. சற்று இடைவெளி விட்டு இன்னொன்று. மரத்தளமா, சுவர்க்கடிகாரமா என்று எல்லாவற்றையும் தேடிய பிறகு சட்டத்தில் காதை வைத்தபோதுதான் தெரிந்தது. அலுமினியம் சூட்டில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் எஃகைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இருபது டிகிரி இறங்கினால் ஒரு மீட்டர்க் குழாய் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் சுருங்கும். இறுக்கமாகப் பிடிபட்ட குழாய் மூட்டுக்குள் சிறிது சிறிதாக நழுவும்போது எழும் ஒலி அது. பட்டறையில் சொன்னதும் மூட்டுகளுக்குள் மெல்லிய நைலான் உறை செருகிக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. இப்போது அந்த ஒலி பெரும்பாலும் போய்விட்டது. புதிதாக வாங்குபவர்கள் முதலிலேயே அந்த உறையைக் கேட்டு வாங்குங்கள்.

சக்கரங்களில் எனக்கு மனநிறைவு இல்லை. பின்னால் உள்ள 8 அங்குல காற்றடைத்த டயர்கள் அருமை. காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால் ஆரேயின் மண்பாதையிலும் பேவர் கற்களிலும் அதிர்வு கருவிகளை எட்டுவதில்லை. முன்னால் உள்ளவை 4 அங்குலப் பாலியூரித்தேன் கேஸ்டர்கள். வழவழப்பான தளத்தில் அமைதியாக ஓடினாலும், வடிகால் மூடியின் இடுக்கிலும் வாசற்படியிலும் இவை சிக்கிக்கொள்கின்றன. சிக்கும் கணத்தில் மேல்பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. எடையை மிச்சப்படுத்த வேண்டிய இடம் இது இல்லை. 6 அங்குலக் கேஸ்டர் போட்டால் அரைக் கிலோ கூடலாம், மடித்த உயரமும் கூடலாம், கூடட்டும். பிரேக் மிதி ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதும் சரிவான தெருக்களில் போதவில்லை.

ஆன்டெனாக் கம்பத்தின் குறை இதைவிடச் சற்றுப் பெரியது. வயர்லெஸ் மைக்குகள் பயன்படுத்தும் யு.எச்.எஃப். ரேடியோ அலைகளை மனித உடல் நன்றாக விழுங்கிவிடும் என்பதால், ஐம்பது பேர் நிற்கும் தளத்தில் ஆன்டெனாவைத் தலைகளுக்கு மேலே, இரண்டு மீட்டர் உயரத்தில் வைத்தாக வேண்டும். அந்த உயரக் கம்பத்தை இந்த வண்டியில் ஒரே ஒரு வளையமும் ஒரு கைத்திருகும் பிடித்துக்கொள்கின்றன. கடற்காற்றில் கம்பம் ஆடுகிறது. ஆடும்போது திருகு தளர்கிறது. கம்பத்தை இரண்டு இடங்களில், குறைந்தது 25 செ.மீ. இடைவெளியில் பிடித்திருந்தால் இந்தத் தொல்லையே இருக்காது. இப்போது செய்யும் வண்டிகளில் கீழே இரண்டாவது பிடி சேர்ப்பதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். என் வண்டியில் கீழ்க்குழாயோடு ஒரு கிளாம்ப் போட்டுச் சமாளிக்கிறேன்.

பேட்டரித் தட்டைச் சக்கரங்களுக்கு மிக அருகில், கீழே வைத்திருப்பது சாய்வைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு. என் கருவிகள் ஏறத்தாழ 30 வாட் எடுப்பதால் 98 வாட்-மணி வி-மவுன்ட் பேட்டரி ஒன்று மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் வருகிறது. அந்தத் தட்டில் நான்கு பேட்டரிகள் வரிசையாக நிற்கின்றன. விமானத்தில் போகும்போது வண்டியைச் செக்-இன் செய்தாலும் உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதையும், 100 வாட்-மணிக்கு மேற்பட்டவற்றுக்கு விமான நிறுவனத்தின் அனுமதி தேவை என்பதையும் கணக்கில் கொண்டே இந்தத் தட்டு கழற்றும்படி செய்யப்பட்டிருக்கிறது. வண்டியில் கழன்று வரும் பகுதி இது ஒன்றுதான்.

ஸ்டுடியோ தளத்திலேயே மாதக்கணக்கில் நின்று, பெரிய மிக்சரும் இரண்டு மானிட்டர்களும் வைத்து வேலை செய்பவர்களுக்கு இந்த வண்டி ஏற்றதாக இராது. அவர்களுக்கு எடை ஒரு சிக்கலே இல்லை, அகலமான மேசையும் கனமான அடித்தளமும்தான் வேண்டும். மற்றவர்கள் ஆர்டர் கொடுக்கப் போகும்போது அளவுகளைத் தாளில் எழுதிக்கொண்டு போகாமல், மிக்சரையும் ரிசீவர் பெட்டியையும் கேபிள்கள் செருகிய நிலையிலேயே எடுத்துச் செல்லுங்கள். கருவியின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் எக்ஸ்.எல்.ஆர். ஆடியோ பிளக்குகளுக்கும் கேபிள் வளைவதற்கும் பத்து செ.மீ.யாவது தேவைப்படும், கருவியின் அளவை மட்டும் கொடுத்தால் தட்டின் ஆழம் போதாமல் போகும். நின்றபடி வேலை செய்யும் உயரத்தையும் அங்கேயே நின்று காட்டிவிடுங்கள், மேல்தட்டை அதற்கேற்ப அமைக்கிறார்கள். பாதிப் பணம் முன்பணமாகத் தர வேண்டும்; மூன்று வாரம் என்று சொல்வார்கள், தீபாவளிக்கு முன்னால் என்றால் ஐந்து வாரம் ஆகும்.