கையேடா, கூட்டமா?

மறதிநோய் வந்தவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு உதவ இரண்டு வழிகள். ஒன்று, உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஐசப்போர்ட் கையேடு: 5 பகுதிகள், 23 பாடங்கள். கோபம், தூக்கமின்மை, வீட்டை விட்டு நடந்துவிடுவது, இல்லாததை நம்புவது எல்லாம் அதில் வருகின்றன. இரவு வேலை முடிந்தபின் ஒரு பாடம் படிக்கலாம்.

இன்னொன்று, பராமரிப்பவர்கள் கூடிப் பேசுவது. என் மாமியார் வளையலை முந்தானையில் தானே முடிந்து வைத்துவிட்டு, நான் எடுத்துவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார். வாதாடாமல் சேர்ந்து தேட வேண்டும், சரி. ஆனால் அந்தச் சொல் ஒரு மருமகளுக்கு எங்கே குத்தும் என்று எந்தப் பாடமும் எனக்குச் சொல்லவில்லை. கூட்டத்தில் ஓர் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "என்னையும் இப்படித்தான் சொன்னாங்கம்மா. நாத்தனாரை நாலு நாள் வந்து தங்கச் சொல்லு, அப்புறம் அவங்களுக்கே புரியும்" என்றார். நாத்தனார் வந்தார். மூன்றாம் நாள் அவருடைய கைப்பை காணாமல் போனது. அரிசி டப்பாவில் கிடைத்தது.

கூட்டத்துக்குப் போக அரைநாள் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும், அதுதான் சிக்கல். ஆள் இல்லாதவர்கள் கையேட்டில் தொடங்கட்டும். ஆள் கிடைத்தால் நான் கூட்டத்தைத்தான் சொல்வேன்.